மருமகனின் கிறிலில் ஒரு கீஷ்

காஸ் சிலிண்டர் எங்கேயும் கிடைக்காத அந்த வருசம், என் மகள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தாள். சோற்றைக் கண்டாலே ஓங்காளித்தாள். மீன் பொரிக்கிற வாடை வந்தால் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு நாள் கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு கீஷ். மாவில் கிண்ணம் மாதிரிச் செய்து, உள்ளே முட்டையும் பாலும் சீஸும் ஊற்றி வேகவைப்பது. இது என்றால் சாப்பிடலாம் போல இருக்கிறது, கடையில் எங்கேயும் விற்பார்களா என்று கேட்டாள்.

“விக்க மாட்டாங்க. நான் செஞ்சி தாறன்” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எனக்கு அது செய்யத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய ஏழு வயதில் குவைத்துக்குப் போய்ப் பதின்மூன்று வயதில் திரும்பி வந்தவள் நான். அந்த ஆறு வருசமும் அவள் என் தங்கச்சி வீட்டில் வளர்ந்தாள். குவைத்தில் என்ன வேலை செய்தேன் என்று கேட்கிறவர்களுக்குச் சமையல் என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்ட பிறகுதான் ஓவனும் காஸில் ஓடுவது என்ற நினைவு வந்தது. சோறு கறியெல்லாம் முற்றத்தில் விறகு அடுப்பில்தான் நடந்தது. அதில் கீஷ் வேகாது. மகள் இதைத் தன் புருசனிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த மருமகன், தன் கூட்டாளிமார் கடற்கரையில் கோழி சுடுகிற கிறிலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். எண்ணெய்ப் பீப்பாயை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைக் கரி போடவும் மறு பாதியை மூடியாகவும் வைத்து ஒட்டிய சாமான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பாலமுனையிலிருந்து வந்த இந்த மருமகன் அதுவரை ஒன்றரை வருசம் எங்களோடு இருந்தும் நாங்கள் இருவரும் நேராகக் கதைத்தது குறைவு. அவருக்குத் தேத்தண்ணி வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார். எனக்குக் கடையில் சாமான் வேண்டுமென்றாலும் மகளிடம்தான் சொல்வேன். என் புருசன் மௌத்தாகிப் போயிருந்ததால் வீட்டில் இடையில் நின்று கதைக்க அவளைவிட்டால் ஆள் இல்லை. அன்றைக்கு அவளோ படுத்திருந்தாள். முற்றத்தில் நானும் அவரும் கிறிலும்தான்.

பட்டரை நுனிவிரலால் மாவில் உதிர்த்து, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பிசைந்து, கரண்ட் போவதற்கு முன்பே பிரிட்ஜில் வைத்திருந்தேன். கிறீமுக்குப் பதிலாக எருமைப்பாலைக் காய்ச்சி எடுத்த ஆடை. வெங்காயம், சீஸ், கொஞ்சம் இறால். மகள் மீன் வாடைக்கு ஓடுகிறவள், இறால் வேண்டாமே என்று பிறகு யோசித்து அதை எடுத்துவிட்டுக் கீரை போட்டேன்.

முதலாவது பழுதாய்ப் போனது. கரியை நடுவில் குவித்து மேலே தட்டத்தை வைத்ததில் பத்து நிமிசத்தில் அடி கருகிவிட்டது. முட்டை அப்படியே தண்ணியாகக் கிடந்தது. முக்காட்டுக்குள்ளிருந்த என் முகத்தைப் பார்க்காமல் நெருப்பைப் பார்த்துக்கொண்டு மருமகன் சொன்னார்.

“மாமி, கரிய ரெண்டு பக்கமும் ஒதுக்கிருவமா? நடுவுல ஒரு கூரை ஓட்ட வெச்சி அதுக்கு மேல தட்டத்த வெப்பம்.”

மா இன்னும் இருந்தது, முட்டையும் இருந்தது. இரண்டாவதை அவர் சொன்னபடி கூரை ஓட்டின் மேல் வைத்தோம். இடையில் மூடியைத் திறக்கப் போனவரைத் திறக்க வேண்டாம், சூடு போய்விடும் என்று தடுத்தேன். அப்படியே ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்தோம். இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். குவைத்தில் அந்த வீட்டு மேடம் காட்டித் தந்ததைச் சொன்னேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் செய்து கொடுத்ததையும், கடைசிப் பிள்ளை ஓரத்து மாவை மட்டும் உடைத்துத் தின்றுவிட்டு ஓடுவதையும் சொன்னேன்.

“மகளுக்கு ஒரு நாளும் செஞ்சி குடுக்கல்லியா?”

“வந்த புதுசில அவ என்னோட கதைக்கவே இல்ல. மறுகா அவ கேக்கவும் இல்ல, நான் செய்யவும் இல்ல.”

“இப்ப கேட்டிருக்கா தானே” என்றார் அவர்.

அரை மணித்தியாலம் கழித்துத் திறந்தபோது அடி நன்றாக வெந்திருந்தது, மேலே மட்டும் வெள்ளையாக நின்றது. ஒரு தகரத்தை மேலே பிடித்து அதில் நாலு தணல் போட்டால் சிவக்கும், எங்கட உம்மா பிரியாணிக்குத் தம் போடுகிறது அப்படித்தான் என்றார். சிவந்துதான் வந்தது. ஆனால் தகரத்தைத் தூக்கும்போது ஒரு பக்கம் சாம்பல் கொட்டிவிட்டது. அந்தப் பக்கத்தைச் சுரண்டி எங்களுக்கு ஒதுக்கினோம்.

மகள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு துண்டை முழுக்கச் சாப்பிட்டாள். ஓங்காளம் வரவில்லை. அறை ஜன்னல் முற்றத்துப் பக்கம்தான். நாங்கள் கதைத்தது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

“உம்மா, அந்தப் புள்ளைகள்ற நெனவு வாறயா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை. “ஓம், வாற” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. சாப்பிட்ட கோப்பையை நீட்டி இன்னொரு துண்டு கேட்டாள். வெட்டி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் என்னை எழும்பிப் போகச் சொல்லவில்லை.

காஸ் திரும்பக் கிடைக்கத் தொடங்கிய பிறகு ஓவனில் பல தடவை செய்தேன். பிள்ளை பிறந்ததோடு மகளுக்கு அந்த ஆசை விட்டுப்போனது. இப்போது சீஸ் வாடையே பிடிக்காது என்கிறாள். நான் செய்கிற அன்றைக்கு மருமகனும் நானும்தான் சாப்பிடுகிறோம். உப்புக் குறைந்தால் அவர் என்னிடமே சொல்லிவிடுவார்.