வடிகட்டியில் போட்ட ஜல்லி

நாங்கள் பட்டாபிராமில் குடியிருந்தபோது, வீட்டுப் பின்புறத் தொட்டியில் ஏழு தங்க மீன்கள் வளர்த்தேன். தண்ணீர் அடிக்கடி கலங்கிவிடும். அதனால் என் கணவர் ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியில் துளைகள் போட்டு, சின்ன மோட்டார் வைத்து, தொட்டித் தண்ணீர் அதன் வழியே வடிந்து வரும்படி செய்தார். வாளியில் நிரப்பக் கல் தேடுவது என் வேலை. பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓரமாகக் கிடந்த ஜல்லியைக் கேட்டு வாங்கிவந்து, கழுவாமலே நிரப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு பார்த்தால், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "ஐயோ, மீனெல்லாம் போச்சே!" என்று கத்திவிட்டேன். என் சத்தம் கேட்டு, கட்டட வேலைக்கு வந்திருந்த முனியம்மா ஓடிவந்து வாளியைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, கலவ போட்டு மிஞ்சின ஜல்லி! சிமெண்ட் ஒட்டிக்கினு கீது பாரு. அந்தத் தண்ணி எங்க கையையே அரிச்சிடும், மீனு தாங்குமா? மோட்டார நிறுத்திட்டு மீன வேற தண்ணிக்கு மாத்து!"

அண்டாவில் முதல்நாள் இறைத்துவைத்த கிணற்றுத் தண்ணீரில் இருவருமாக மீன்களை விட்டோம். ஒன்று போய்விட்டது; ஆறு பிழைத்தன. மணல் சலித்தபோது சல்லடையில் நின்ற கூழாங்கற்களை மாலையில் முனியம்மாவே ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தார். தொட்டியையும் வாளியையும் தேய்த்துக் கழுவி, அந்தக் கற்களை அலசி வாளியில் நிரப்பினேன். தண்ணீர் கண்ணாடி போல வடிந்தது.

இப்போதெல்லாம் எந்தக் கல்லானாலும் நன்றாக அலசி ஒரு நாள் ஊறவைக்கிறேன். சிமெண்டின் சுண்ணாம்பு கரைந்து அந்தத் தண்ணீர் வழவழக்கிறதா என்று என் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் கல் வாளிக்குப் போகிறது.