ஈரக்காலோடு ஷூ வாங்கப் போனவள்

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தாள். இருபத்திரண்டு வருடம் ஒரே அறை, ஒரே கனத்த கதவு, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்கிற ஒரே பாட்டு. அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவளுடைய பொறுமையைத்தான் சொன்னார்கள். அந்தப் பொறுமை கதவுக்கு உள்ளே, நோயாளிகளிடம் மட்டும்தான். வெளியே அவள் எப்படி என்பதற்கு ஷூ வாங்கிய விஷயம் ஒன்று போதும்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு ட்ரையத்லான் பித்துப் பிடித்தது. ஒன்றரை கிலோமீட்டர் நீந்தி, அந்த ஈரத்தோடு நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கியதும் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும். நீச்சலையும் சைக்கிளையும் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்காதவர்களை ஓட விடமாட்டார்கள். முதல் வருடம் முப்பத்தெட்டு நொடி தாமதமாக வந்தாள். கொடி இறங்கியபோது அவள் கோட்டுக்குச் சற்றுத் தொலைவில் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் ஒரு சொல் வந்தது.

"ஷூதான்."

உண்மைதான். நீந்தி வந்தவள் புல்லில் உட்கார்ந்து, ஈர விரல்களால் சைக்கிள் ஷூவின் மூன்று பட்டைகளை ஒவ்வொன்றாகக் கோத்து இழுத்ததில் இரண்டு நிமிடத்துக்கு மேல் போயிருந்தது. அவளுடைய கணவர், பள்ளிப் பேருந்து ஓட்டும் என் மாமா, கயிற்றுக்கு வெளியே நின்று கையைப் பிசைந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் வேலை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாள். காலையில் வாங்கக் கூடாதாம். எட்டு மணி நேரம் நின்று வீங்கிய காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டுமாம். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு காலிலும் ஊற்றிக்கொண்டாள்.

அந்தக் கடைக்காரருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ப்ரேக். பேச ஆரம்பித்தால் அவரிடம் இல்லாதது அது.

"என்ன மேடம், கால் கழுவிட்டு வரீங்க? இங்க செருப்போடவே வரலாம்."

"தண்ணியிலேர்ந்து ஏறி வர்ற கால் இப்படித்தான் இருக்கும். இதுல எந்த ஷூ சட்டுனு உள்ள போகுதோ அது வேணும்."

"விக்கிற ஷூவை நனைச்சா அப்புறம் யாரு வாங்குவா?"

"நான்தான் வாங்கப்போறேனே, ஒண்ணை."

"மிச்சம்?"

"காயும்."

அவர் முதலில் எடுத்துக் காட்டியது இறகுபோல் எடையில்லாத ஒரு சிவப்பு ஜோடி. "இதப் போட்டா நீங்க மிதிக்கவே வேணாம், சைக்கிளே கூட்டிட்டுப் போயிடும்" என்றார். அக்கா அதற்குள் காலை நுழைத்து எழுந்து நின்றாள். பிறகு குனிந்து பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"சுண்டுவிரல் எலும்பு இடிக்குது. அரைமணி நேரத்துல கால் மரத்துப்போயிடும்."

"பழகப் பழக இளகிடும் மேடம்."

"எது, எலும்பா?"

ப்ரேக் அந்தச் சிவப்பு ஜோடியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

நான்காவது ஜோடி அவளுக்குப் பிடித்தது. ஒரே ஒரு அகலப் பட்டை. குதிகாலில் விரலை மாட்டி இழுக்க ஒரு வளையம். தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகள். உள்ளே வெறுங்காலுக்கு உறுத்தாத துணி. அடிப்பாகம் பலகைபோல் விறைப்பு, மிதிக்கிற பலம் வளைவதில் வீணாகாது. எழுந்தாள், உட்கார்ந்தாள், பதினோரு முறை போட்டுக் கழற்றினாள். நான் கைப்பேசியில் நொடி எண்ணினேன். ஒரு காலுக்கு நாலு நொடி. நிறத்தில் மட்டும் பச்சையும் மஞ்சளும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தன.

"இத மாட்டிக்கிட்டு இருட்டுல போனா லைட்டே தேவையில்ல" என்றார் மாமா, வீட்டில் பார்த்துவிட்டு.

இந்த ஷூக்களின் அடியில் க்ளீட் என்று ஒரு சின்னக் கட்டையைத் திருகி மாட்ட வேண்டும். அதுதான் பெடலைக் கவ்விக்கொள்ளும். பாதம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும். நானே மாட்டித் தருகிறேன் என்றார் ப்ரேக். அக்கா விடவில்லை. "எலும்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அன்று சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, தன் இரண்டு பாதங்களையும் அளந்து அழகாக வரைந்தாள். கட்டைவிரல் மூட்டுக்குப் புள்ளி, சுண்டுவிரல் மூட்டுக்குப் புள்ளி, நடுவில் கோடு. பிறந்ததிலிருந்தே அவளுக்கு ஒரு பாதம் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அதற்குக் கோட்டைச் சாய்த்துப் போட்டாள். தாளைப் பார்த்துப் பார்த்துத் திருகினாள்.

ஒரு வாரத்தில் இடது முழங்கால் வலித்தது. பத்தாம் நாள் வலதும் சேர்ந்துகொண்டது. ஷூ சின்னது என்றார் ப்ரேக். வயசு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அக்கா இருக்கையை உயர்த்தினாள், தாழ்த்தினாள், ஐஸ் வைத்தாள். மூன்றாவது வாரம் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்க ஆரம்பித்தாள்.

"இந்த வருஷம் பேரை எடுத்துடறேன்" என்று என்னிடம் சொன்னாள். "பழைய ஷூவோட போய் மறுபடி அந்தக் கோட்டுல நிக்க முடியாதுடா."

அந்த ஞாயிறு காலை, கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுவோம் என்று, கூடத்தில் தாங்கியில் நிறுத்திய சைக்கிளில் ஏறி மிதித்தாள். மாமா பின்னால் தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சுளையை வாயில் போடப்போனவர் நிறுத்தினார்.

"ஏம்மா, உனக்கு இடது கால்தானே வெளிய போகும்?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"இங்க வலது கால்ல போகுது."

"உளறாதீங்க."

"இருபது வருஷமா உன் பின்னாடிதான நடந்து வரேன். நீ எங்க எனக்காக நின்ன?"

அக்கா மிதிப்பதை நிறுத்தினாள். இறங்கி, அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்து நின்றுகொண்டே பார்த்தாள். எக்ஸ்ரே படத்தில், எதிரே நிற்பவரைப் பார்ப்பதுபோல, நோயாளியின் இடப்பக்கம் பார்ப்பவரின் வலப்பக்கம் வரும். இத்தனை வருடப் பழக்கத்தில் தன் கால்களையும் அப்படியே எதிர் எதிராக வரைந்திருக்கிறாள். பிறகு ஷூவைக் கவிழ்த்துவைத்து, தாளில் வலப்பக்கம் இருந்ததை வலது ஷூவுக்கே மாட்டியிருக்கிறாள். இடது காலின் சாய்வு வலது ஷூவுக்குப் போய்விட்டது. இப்படி மாறிவிடக் கூடாது என்றுதான் எக்ஸ்ரே படத்தின் ஓரத்தில் இடது, வலது என்று எழுத்து வைப்பார்கள். எழுத்து வைக்காத படத்தை நான் தொடமாட்டேன் என்று பயிற்சிக்கு வரும் பெண்களை அழ அழத் திட்டியவள் அவள். தாளின் நாலு ஓரமும் வெள்ளையாக இருந்தது.

சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய சொல்லிடாதடா. நாளைக்கு அந்தப் பொண்ணுங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

சொல்லவில்லை. இனிமேல் சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன்.

க்ளீட்டை அன்றே மாற்றினாள். வலி இறங்கப் பத்து நாள் ஆனது. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறாமல் மிதித்தாள்.

போட்டியன்று மூன்று மணி நேரம் முடிவது காலை ஒன்பதுக்கு. எட்டு ஐம்பதுக்கு மேல் மாமா கயிற்றை விட்டு நகரவில்லை. எட்டு ஐம்பத்தாறுக்கு வளைவில் பச்சையும் மஞ்சளும் தெரிந்தன. பட்டைகளை அவிழ்த்து, கால்களை வெளியே எடுத்து, ஷூவின் மேலேயே பாதங்களை வைத்து மிதித்து வந்தாள். கோட்டுக்கு முன் குதித்தாள். ஷூக்கள் பெடலிலேயே தொங்க, வெறுங்காலோடு சைக்கிளைக் கயிற்றுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

"மூணு நிமிஷம் இருக்கு. போங்க, போங்க" என்றார் கொடி பிடித்தவர்.

அக்கா சைக்கிளை நிறுத்துகிற கம்பியில் மாட்டினாள். தரையில் உட்கார்ந்தாள். துண்டை எடுத்து விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பையிலிருந்து வெள்ளைச் சாக்ஸை எடுத்து உதறினாள்.

"என்னம்மா பண்ற? ஓடும்மா" என்றார் மாமா கயிற்றின் மேல் சாய்ந்து.

"ஓடலாம். உள்ள வந்தாச்சுல்ல."

"நேரம் போகுதே."

"போகட்டும். போன தடவை சைக்கிள்ல வந்து இந்த இடத்தை வெளியிலேர்ந்துதான் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு."

அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் மூச்சிரைக்க அவளைத் தாண்டி ஓடினார்கள். மாமா விரலால் அவர்களைச் சுட்டிக் காட்டினார். அக்கா தலையசைத்துவிட்டு, இரண்டாவது சாக்ஸின் தையல் விரலில் படாதபடி திருப்பிப் போட்டுக்கொண்டாள்.