ஐந்தாவது பொருள்

சிவப்பக்காவின் நிறம் கறுப்பு. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில், ஒவ்வாமை உள்ள பயணிகளின் தட்டுகளில் சிவப்புச் சீட்டு ஒட்டுகிறவள் என்பதால் வந்த பெயர் அது. பதினொரு வருடமாக அவளுக்கென்று ஒரு கண்ணாடி அறை, தனிக் கத்தி, தனிப் பலகை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் உள்ளே கால் வைக்க மாட்டாள். அடுத்த மேசையில் ரொட்டி வெட்டுகிறவள் தினமும் கேட்பாள், "என்னக்கா, இன்னிக்கு எத்தனை ஆபரேஷன்?"

"மூணு. உன் வாயத் தைக்கிறதோட நாலு."

இந்தச் சுத்தம் கூடம் கற்றுக்கொடுத்ததல்ல. கூடம் கொடுத்தது அரை நாள் பயிற்சி. அதிலும் பாதி, பயிற்சிக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடுவதில் போயிற்று. கற்றுக்கொடுத்தது அவள் தங்கையின் முகம். ஆபீசில் யாரோ நீட்டிய பிஸ்கட்டை ஒரு கடி கடித்தாள் தங்கை. உள்ளே வேர்க்கடலைத் தூள். உதடு வீங்கி, மூச்சு விசிலடித்து, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் ஆளே அடையாளம் தெரியவில்லை. பிழைத்து வந்தவளைப் பார்க்க வந்த பெரியப்பா ஆற அமரச் சொன்னார், "எங்க காலத்துல இதெல்லாம் ஏது? எல்லாம் நெனப்புதான்." கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிக்கொள்ளும் வீரர் அவர்.

மேற்பார்வையாளருக்குக் கூடம் வைத்த பெயர் 'எண்ணிக்கை'. தட்டுகளை வண்டியில் ஏற்றும் வாசலில் நின்று, ஒவ்வொன்றிலும் இருக்கும் பொருள்களை விரல் நீட்டி எண்ணுவார். சாப்பாடு, ரொட்டி, பழம், தண்ணீர் என்று நாலு. எண்ணிக்கை சரியென்றால் தட்டு போகும், குறைந்தால் திரும்பும். என்ன இருக்கிறது என்று பார்ப்பதை அவர் தன் வேலையாக நினைத்ததே இல்லை. அதற்குத் தோதாகப் போன வாரம் தலைமை அலுவலகம் பயணிகளுக்கு ஓர் அன்பளிப்பை அறிவித்தது. தட்டுக்கு ஒரு வேர்க்கடலைப் பொட்டலம். நாலு ஐந்தாயிற்று. 'ஒவ்வொரு பயணியும் நம் வீட்டுப் பிள்ளை' என்ற பலகையும் கூடவே சுவரில் ஏறியது.

அன்று காலைப் பட்டியலில் முப்பத்தொன்று டி இருக்கைக்கு எதிரே 'வேர்க்கடலை, கடுமையான ஒவ்வாமை' என்றிருந்தது. சிவப்பக்கா நாலு பொருள் வைத்து, 'வேர்க்கடலை இல்லாதது' என்று சிவப்புச் சீட்டு ஒட்டி அனுப்பினாள். பத்து நிமிடத்தில் தட்டு திரும்பி வந்தது. 'ஒன்று குறைகிறது.'

தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"சார், அஞ்சாவது வேர்க்கடலை. இவங்களுக்கு அதுதான் ஆகாது."

"ஆகாதுன்னா சாப்பிடாம இருக்கட்டும். வைக்கிறது நம்ம வேலை, சாப்பிடாம இருக்கிறது அவங்க வேலை."

"தூள் பட்டாலே ஆபத்து சார். மேல பறந்துக்கிட்டிருக்கும்போது டாக்டருக்கு எங்க போறது?"

"அதுக்குத்தானம்மா நீ சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கே. இதுக்கு மேல என்ன ஜாக்கிரதை?"

பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். "போய் ஒழுங்கா மூடி எடுத்துட்டு வா. வண்டி கிளம்ப இருபது நிமிஷம்தான்."

கத்தலாம். கத்தியவர்கள் எல்லாம் இப்போது பாத்திரம் கழுவுமிடத்தில் இருந்தார்கள். அங்கே போய்விட்டால் அடுத்த சிவப்புத் தட்டை யார் கட்டுவது?

அறைக்கு வெளியிலேயே, அவர் கைபட்ட தட்டை அப்படியே குப்பையில் கவிழ்த்தாள். முழங்கை வரை கழுவினாள். புதுத் தட்டில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். சாப்பாடு, ரொட்டி, பழம், தண்ணீர். ஒரு நிமிடம் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இன்னொரு தண்ணீர்க் குவளையை எடுத்து வைத்தாள்.

வாசலில் அவர் விரல் நீண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.

"ம். மொதல்லயே இப்படி வெச்சிருந்தா ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்."

மறுநாள் திரும்பிவந்த எச்சில் தட்டுகளுக்கு நடுவே சிவப்புச் சீட்டைத் தேடியெடுத்தாள். பழத்தோல், ரொட்டித் துணுக்கு, காலியான இரண்டு குவளைகள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததற்கு யாரும் பாராட்டுக் கடிதம் எழுதுவதில்லை. ஆனால் சரக்கறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது, மேற்பார்வையாளர் வழியாக: ஒரே தட்டுக்கு இரண்டு தண்ணீர் ஏன்?

'வேர்க்கடலை வைத்திருந்தால் அந்தப் பயணி செத்திருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தாள்.

மாலைக்குள் அது திரும்பி வந்தது. 'விளக்கம் குறைந்தது ஐந்து வரி இருக்க வேண்டும்.'

சிவப்பக்கா பேனாவை எடுத்து, அதே வரியை இன்னும் நாலு முறை எழுதினாள். அவர் விரலை வைத்து மேலிருந்து கீழாக எண்ணினார். ஐந்து. கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தார்.