முன்பல் விழுவதற்குள் ஒரு ரெக்கார்டு

“ஊதட்டும் பத்மா, வேண்டாம்ணு நான் சொல்லல்ல. ஆனா ஒரே சத்தத்தைப் பிடிச்சிட்டு மூச்சு தீருற வரைக்கும் நிக்காரே, அது என்னத்துக்காக்கும்? கேட்டுட்டு நிக்க எனக்கு மூச்சு முட்டுது.”

அடுத்த வீட்டு சரசம்மாக்கா மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டிச் சொன்னது இது. நேரம் காலை, என் அடுப்பில் புட்டுக்குழல். “அவரு மூச்சைப் பிடிச்சா நீங்க எதுக்கு அக்கா பிடிக்கணும்?” என்று கேட்டேன். “பிறகு, அவரு எப்ப விடுவாருண்ணு பாக்காண்டாமா?” என்றாள்.

சாக்ஸபோன் தொழிலில் ஊதுவது ஆண்பிள்ளையின் வேலை, அதற்குப் பதில் சொல்வது வீட்டுக்காரியின் வேலை. தபேலாக்காரரையோ டிரம்ஸ்காரரையோ கட்டிக்கொண்டு அவதிப்படும் சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பெயர் தாணு. கோவளத்து ஹோட்டல்கள், ஒரு கப்பல், சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்கள் என்று தலை நரைக்கும்வரை ஊதிவிட்டு, கேரளத்து எல்லையோரம் இருக்கும் எங்கள் பாறசாலைக்குத் திரும்பி வந்தவர். வாசிப்பது ஜாஸ். ஒரு பாட்டின் மெட்டை மரியாதையாக ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் அதற்குள்ளேயே நின்ற நிற்பில் புதிதாக எதையாவது கட்டிக்கொண்டு போவது. ஒருமுறை கட்டியது மறுமுறை வராது. ஃபோனில் புக்கிங் எடுப்பது நான். வசவு வாங்குவதும் நான்.

இந்த வருஷம் இவருடைய மேல்வரிசை முன்பல் ஆட ஆரம்பித்தது. சாக்ஸபோனின் மவுத்பீஸை அந்தப் பல்லில் ஊன்றித்தான் பிடிக்க வேண்டும். பல் போனால் பிடி போகும், பிடி போனால் சத்தம் மாறும். இத்தனை வருஷத்தில் இவர் பெயர் போட்டு ஒரு ரெக்கார்டுகூட வந்ததில்லை. சொந்த மெட்டுகள் ஆறு உண்டு. பல் விழுவதற்குள் அந்த ஆறையும், நான்கே பேராக, ஒரே அறையில் உட்கார்ந்து ரெக்கார்டு செய்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

ஹார்ண்

பெயர் இல்லாமல் வாசித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. கல்யாணமான புதிதில் என் சித்தி மகள் வீட்டு டிவியில் ஒரு படம் ஓடியது. கதாநாயகன் ரயிலேறிப் போகிறான், கதாநாயகி பிளாட்பாரத்தில் நிற்கிறாள், பின்னால் ஒரு நீண்ட அழுகை எழுகிறது. நான் சோற்றுக் கையோடு எழுந்து, “இது இவரு, இது இவரு வாசிச்சதாக்கும்” என்று டிவியைத் தொட்டே காட்டிவிட்டேன். வீடே திரும்பி இவரைப் பார்த்தது. இவர் பப்படத்தைப் பொடித்துக்கொண்டிருந்தார்.

சித்தி மகள் கொஞ்சம் யோசித்தாள். “அது வண்டிக்க ஹார்ணுண்ணுல்லா நான் நெனச்சேன்.”

மூத்தவளும் இளையவளும்

அமரவிளையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் மூத்த மகள் கல்யாணத்துக்கு இவரைக் கூப்பிட்டார். ரிசப்ஷனில் இவர் வாசித்த ஒரு பழைய காதல் பாட்டில் மயங்கிப்போய், இளையவள் கல்யாணத்துக்கும் அதே ஆள், அதே பாட்டு என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். இவர் அதே பாட்டைத்தான் வாசித்தார். ஆனால் ஜாஸ்காரர் ஆயிற்றே, நடுவில் போன வழி வேறு. போன தடவை இடப்பக்கம் திரும்பிய இடத்தில் இந்தத் தடவை வலப்பக்கம்.

மறுநாள் காலை எனக்கு ஃபோன். மனிதர் மூத்தவள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஜாஸ் என்றால் அப்படித்தான் என்று நான் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை. “மூத்தவளுக்கு வாசிச்சதில மேல போய் ஒரு சுத்து சுத்தி இறங்கினது உண்டு. இளையவளுக்கு அதைக் குறைச்சாச்சு. நான் ரெண்டு பிள்ளையளுக்கும் பொட்டு பொடி வித்தியாசம் இல்லாம செய்தவனாக்கும், கேட்டியளா?”

நாலு குவார்ட்டர்

இனி இவருடைய மற்ற மூன்று பேரையும் நீங்கள் பார்க்க வேண்டும். டிரம்ஸ் வின்சென்ட், காரோடு என்ற ஊர்க்காரர், மைக் செட் வாடகைக்கு விடுபவர். பேஸ் கித்தார் பிரசாத், கம்ப்யூட்டர் தெரிந்தவன். பியானோ லீலா டீச்சர், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், வெள்ளிக்கிழமை மீன்கூடத் தொடமாட்டார்.

அம்பூரியில் ஒரு ரப்பர் தோட்டக்காரர் வீட்டு விசேஷம். எத்தனை பேர் வருவார்கள் என்று ஃபோனில் கேட்டார். நான்கு பேர் சேர்ந்து வாசித்தால் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. நான் கான்வெண்டில் படித்தவள், அந்தச் சொல்லைத்தான் சொல்வேன். “குவார்ட்டெட்” என்றேன். அவர் அந்தச் சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, “அதொக்கெ ஞான் நோக்கிக்கோளாம்” என்று, எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாக, ரொம்பக் கனிவாகச் சொன்னார். நல்ல ரசிகர் என்று நினைத்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், எங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் மேசைமேல் வெள்ளை விரிப்பு, அவித்த முட்டை, நார்த்தங்காய் ஊறுகாய், வரிசையாக நான்கு குவார்ட்டர் பாட்டில்கள். நாற்காலிக்கு ஒன்று. வின்சென்ட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. தோட்டக்காரர் லீலா டீச்சருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார். “டீச்சர்க்கு சோடா போதுமோ, பச்சத்தண்ணி வேணோ?”

டாக்டர் கொடுத்த தவணை

நெய்யாற்றின்கரையில் பல் டாக்டரிடம் இவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சின்னப் பெண், பொறுமைசாலி. இவர் சாக்ஸபோனையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கே ஊன்றுகிறது என்று வாயால் சொன்னால் புரியாதாம். நாற்காலியில் சாய்ந்தபடியே வாசித்துக் காட்டினார். வெளியே காத்திருந்த கூட்டம் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தது. வீங்கிய கன்னத்தோடு ஒருத்தர் கைகூடத் தட்டினார்.

புதுப்பல் வைக்கலாம், ஆனால் அது பிடித்து, இவர் அதில் ஊன்றிப் பழகி, பழைய சத்தம் வருமா என்பதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்று அந்தப் பெண் உள்ளதைச் சொன்னாள். இவர் முகம் வாடிவிட்டது. நான்தான் கேட்டேன், இப்போது இருக்கிற பல் எதுவரை தாங்கும்? டாக்டர் விரல் நுனியால் பல்லை அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “ஓணத்துக்கு முன்ன வாசிச்சு முடிச்சிடுங்க அங்கிள். ஓண விருந்தில ஒரு நேந்திரங்கா உப்பேரி கடிச்சா, பிறகு நானும் இல்ல, பல்லும் இல்ல.”

நாளெ, நாளெ

ஸ்டூடியோவில் ஒவ்வொருவரையும் தனித்தனிக் கண்ணாடி அறையில் அடைப்பார்கள். இவருக்கு அது ஆகாது. அடுத்தவர் மூச்சு கேட்டால்தான் இவருக்கு வாசிப்பு வரும். அதனால் எங்கள் மாடி. மெத்தைகளைச் சுவரில் சாய்த்தோம், ஜன்னல்களில் என் பட்டுச் சேலைகளை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டோம். ஃபிரிட்ஜை நிறுத்தினேன், காலிங் பெல் ஒயரைப் பிடுங்கினேன், சரசம்மாக்காவிடம் மிக்சி போடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தேன்.

ஐந்து மெட்டுகள் வெல்லம் கரைவதுபோல் நடந்தன. கீழே நான் ஒருத்தி சமையலறைக்கும் மாடிப்படிக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. இவர் வேகமான ஒன்றில் ஏறிப் போகிறார், வின்சென்ட் விடாமல் துரத்துகிறார், லீலா டீச்சர் குறுக்கே புகுந்து ஒரு வழியைத் திறந்துவிடுகிறார், சர்ச்சில் கண்ணை மூடி வாசிக்கும் அந்த டீச்சர்தானா இது என்று இருந்தது. உச்சியில் போய் இவர் ஒரு நொடி நிறுத்தினார். மூச்சுக்காகத்தான். சரியாக அந்த இடைவெளியில் ரோட்டில் லாட்டரி ஆட்டோ போனது. “நாளெ... நாளெ...” என்று நாளைய குலுக்கலை மைக் இரண்டு முறை சொல்லிவிட்டுக் கடந்தது. இவர் அந்தக் குரலையே பிடித்துக்கொண்டு, அதே இரண்டு சுரத்தில் தொடங்கி இறங்கி வந்துவிட்டார்.

அழித்துவிட்டு மறுபடி வாசிக்கலாமா என்று பிரசாத் கேட்டான். வின்சென்ட் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “சும்ம கிட மக்கா. இத்தற வருசமா அண்ணன்கூட வாசிக்கேன், அந்த லாட்டரிக்காரனுக்க டைமிங் எனக்கு இன்னும் வரல்ல.”

சிம்பல் அடங்கும் வரை

கடைசியாக மிஞ்சியது மெதுவான ஒன்று. அதற்குள் இவர் முகம் வெளுத்திருந்தது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஓணம் நெருங்கிவிட்டது, பல் நாளைவரை தாங்குமா தெரியாது என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்காயையும் கத்தியையும் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்றுவிட்டேன்.

முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. சத்தத்தைவிடக் காற்று அதிகமாக, காதோரம் பேசுகிற மாதிரி. லீலா டீச்சர் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வின்சென்ட் குச்சியை வைத்துவிட்டுப் பிரஷ்ஷால் தடவினார். நான் இருபத்தேழு வருஷமாக இந்த மனிதரிடம் “போதும், நிறுத்துங்க” என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன். அன்று இது முடிந்துவிடக்கூடாதே என்று எனக்கு இருந்தது. முடிந்தது. வின்சென்ட் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டை ஒருமுறை தொட்டார்.

ரெக்கார்டிங்கில் ஒரு சட்டம் உண்டு. சிம்பலின் ரீங்காரம் முழுக்க அடங்கி, மெஷினை நிறுத்தும் வரை அறையில் யாரும் மூச்சுவிடக்கூடாது. கான்வெண்டில் சிஸ்டர்கள் எனக்கு வரிசையில் நிற்கக் கற்றுத்தந்தார்கள், காத்திருக்கக் கற்றுத்தர முடியவில்லை. வாய் திறந்துவிட்டேன். நான்கு பேரும் சிலைபோல நின்றார்கள். பிரசாத் மெஷினை நிறுத்தியதும் இவர் வாயிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் பல்.

நான் தண்ணீருக்கு ஓடினேன். பின்னால் வின்சென்ட்டின் குரல் கேட்டது. “பாத்தியளா மைனி, டேக்கு முடியட்டும்ணு பல்லு காத்து நிண்ணிருக்கு.”

இவர் உப்புத்தண்ணீர் கொப்பளித்துவிட்டு வாயில் பஞ்சோடு உட்கார, எல்லாரும் போட்டுக் கேட்டோம். ஆறும் சரியாக வந்திருந்தது. கடைசியில் என் குரலை வெட்டிவிடலாம் என்றார் லீலா டீச்சர். இவர் பஞ்சை ஒதுக்கி, “கிடக்கட்டு” என்றார், அந்தச் சொல்லோடு பாதிக் காற்றும் வெளியே வந்தது.

ஆக, ஊருக்கெல்லாம் பதில் சொல்லியே வாய் வலித்த நான், என் வீட்டுக்காரர் பெயரில் வந்த ஒரே ரெக்கார்டின் கடைசியில், சிம்பல் அடங்கிக்கொண்டிருக்கும்போது, பதில் சொல்ல ஆளில்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்: “இன்னும் ஒருக்கா வாசியுங்க.”