மூன்றாம் அடுக்கில் சித்தப்பா

பதுளைக் கடைத்தெருவில் நோட்டீஸ் ஒட்டுகிறவனின் வாளியிலிருந்து புளித்த பசை வாடை வந்தால், இன்று வெறும் தேயிலை மலையாகிவிட்ட இடத்தில் இருந்த எங்கள் வரிசை வீட்டு லயத்துக்குள் போய்விடுகிறேன். தோட்டத்துத் தொரை பங்களாவில் ஆயாவாக இருந்த அம்மா கொண்டுவரும் பழைய காகிதத்தையும் தேயிலைப் பெட்டி ஈயத்தாளையும் வெட்டி, மாப்பசையால் ஒட்டி, தொரை மனைவி தொரசாணிக்கு அங்கேதான் யேசு பிறந்த நத்தார் நாளுக்கு வாழ்த்து அட்டை செய்தேன். முன்னால் மலை, அதன்பின் லயம், காகிதக் கதவைத் திறந்தால் உள்ளே நாங்கள். அடுக்குகள் எழும்பி நிற்க இடையில் குச்சித் துண்டுகள்.

வேறு தோட்டத்திலிருந்து, அங்கத்துத் தொரை விடுவித்துத் தரவேண்டிய துண்டுச் சீட்டு இல்லாமல் ஓடிவந்த சித்தப்பா, விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்தபடியே, "என்னைய ஒட்டலியா, புள்ள?" என்று சிரித்தார். ஒட்டினேன், விறகுக்குப் பின்னாலேயே.

பங்களாவில் தொரசாணி காகிதக் கதவைத் திறந்து திறந்து பார்த்து மகிழ்ந்தாள். "இது யாரு?"

"எங்க சித்தப்பாங்க. ஒளிஞ்சிருக்காரு." எனக்கு அவ்வளவு பெருமை, கழுதைக்கு. பக்கத்தில் இருந்த தொரை நிமிர்ந்து பார்த்தார். அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின.

சாயங்காலத்துக்குள் சித்தப்பாவை இழுத்துப் போனார்கள். அவர் திரும்பவே இல்லை. அட்டை மட்டும் பங்களா அலமாரிமேல் கதவு திறந்தபடி நின்றது. அம்மாதான் தினமும் அதைத் தூசி தட்டினாள்.