மயிலாத்தாவின் சுமைதாங்கிக்கல்

கல் பார்க்க ஒரு பயணமா என்று கேட்பீர்கள். போன தை மாதம் என் அக்காள் மகள் மயிலாத்தா நிறைமாதத்தில், பிள்ளை பெறாமலே இறந்துபோனாள். அப்படிப் போனவளின் வயிற்றுச் சுமையை இறக்கிவைக்க, வழியோரம் சுமைதாங்கிக்கல் நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒன்றைப் படுக்கவைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் பிறர் உதவியில்லாமல் அதில் இறக்கி இளைப்பாறலாம். அந்தக் கல்லைத் தேடித்தான் அக்காள் வீட்டுக்காரரான மாமாவும் நானும் மாசியில் கோயமுத்தூரிலிருந்து கிளம்பினோம்.

முதலில் மதுக்கரை. ஏழு மைல், குதிரை வண்டி. அங்கே சுண்ணாம்புக்கல் வெளுத்துக் கிடக்கிறது. மகள் நல்ல நிறம் என்பதால் மாமா அதையே தடவிக்கொண்டு நின்றார். நாளடைவில் மழை அரித்துவிடும், சூளைக்குத்தான் லாயக்கு என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வெயிலோ மண்டையைப் பிளந்தது.

பாலக்காட்டுச் சாலையில் செம்புறைக்கல் வண்டிகள் வந்தன. கோடாலியாலேயே வெட்டலாம், சுவருக்கு அருமையான கல். குறுக்கே படுக்கவைத்தால் முறிந்துவிடும் என்று வண்டிக்காரர் சிரித்தார். எதற்கென்று தெரிந்ததும் முகம் மாறி, எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், பாவம். வண்டி நகர்ந்ததும் மாமா என் பக்கம் திரும்பினார்.

“அவ எந்தப் பாரத்தையும் பாதி வழியில போட்டுட்டு வந்ததில்லீங்க மாப்ள. முறியாத கல்லாவே பாருங்க.”

முறியாத கல் என்றால் கருங்கல்தான். மறுநாள் பஸ்ஸில் கிணத்துக்கடவு போனோம். பதினான்கு மைல், ஐந்தணா. ஊருக்கு வெளியே பாறைக்குழியில் கல்லுடைக்கும் மாரப்பன், எப்போதும் ஐந்தடி உயரம் நிறுத்துவதாகச் சொன்னார். மாமா தன் நெஞ்சில் கையை வைத்து மகளின் உயரத்தைக் காட்டினார்.

“என்ற அம்மணிக்குத் தோளு இவ்வளவுதானுங்க வரும். அவ ஆத்தா ஒசரமேதான். அவளுக்கு எட்டோணுமுங்க.”

மாரப்பன் அங்கிருந்து தரைவரை கயிறு பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

கல் வாங்கப் போகிறவர்கள் பங்குனிக்கு முன்பே போய்விடுங்கள். பாரவண்டியை முதலில் பேசிவைத்துக்கொள்ளுங்கள். உயரத்தை மட்டும் பிறர் சொல்லுக்கு விட்டுவிடாதீர்கள்.

கல் நட்ட அன்று, படையல் முடிந்து கிளம்பும் நேரம், மகள் போனதிலிருந்து வாசல் தாண்டாத அக்காள் சோளத்தட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு வந்தாள். பிடிக்க ஓடிய என்னை மாமா தடுத்தார். அவளே அந்தச் சுமையைக் கல்லின்மேல் சாய்த்தாள். கல் சரியாக அவள் தோளுயரம். அதைத் தொட்டபடி சொன்னாள்:

“எறக்கி வெச்சுப்போட்டேன் கண்ணு.”