தூங்காத மகளும் பட்டறைக் கதையும்

எங்கள் மகளுக்கும் தூக்கத்துக்கும் பிறந்ததிலிருந்தே ஒத்துவரவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது எல்லோரும் போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். நடந்தாள், பேசினாள், பல் முளைத்து முறுக்குக் கடித்தாள். இரண்டரை வயதாகியும் தூக்கம் மட்டும் சரியாகவில்லை.

விளக்கை அணைத்துப் படுக்கவைத்தால் கண்ணைக் கசக்குவாள், காதைப் பிடித்து இழுப்பாள், கொட்டாவிமேல் கொட்டாவி விடுவாள். தூங்கிவிட்டாள் என்று நான் மெல்லக் கையை எடுப்பேன். அப்போதுதான் எழுந்து உட்கார்ந்து, எறும்பு எங்கே தூங்கும் என்று கேட்பாள். பதில் சொன்னால் அடுத்து பல்லி. அதற்கும் சொன்னால் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். திரும்பி வரும்போது தூக்கக் களையே இல்லாமல், அப்போதுதான் விடிந்ததுபோல் முகம் மலர்ந்திருக்கும். ஒருவழியாகக் கண் அயர்ந்தாலும் சிறிது நேரத்தில் அழுதுகொண்டே எழுந்துவிடுவாள். எழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

கணபதி என்கிற பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கணவருக்கு அதே பகுதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. தண்ணீர் பம்புகளுக்குள் சுழலும் ஷாஃப்ட்டை இரும்புக் கம்பியில் கடைந்து கொடுப்பார். எனக்குச் சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மகளைப் பகலில் அலுவலகத்துக்கு அருகிலுள்ள குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, மாலையில் கூட்டிக்கொண்டு வருவேன். பகலெல்லாம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போதே கண் சொருகும். ஒருமுறை மீட்டிங்கில் என்னிடம் ஏதோ கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்பதே தெரியாமல், "சரிங்க" என்று சொல்லிவைத்தேன். சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தோம். வெந்நீரில் குளிப்பாட்டினோம். சூடான பால் கொடுத்தோம். உச்சந்தலையில் எண்ணெய் வைத்தோம். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டோம். கடைசியில் வேலை செய்தது ஒன்றே ஒன்றுதான், பைக். எங்கள் இருவருக்கும் நடுவில் அவளை உட்காரவைத்துச் சத்தி ரோட்டில் ஒரு சுற்றுப் போனால் தலை சாய்ந்துவிடும். வாசலில் வந்து என்ஜினை அணைத்ததும் கண்ணைத் திறந்து, "ஊடு வந்துருச்சுங்களா?" என்பாள். சில நாள் என்ஜினை அணைக்காமலே நான் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறேன். கீழே அவர் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிற்பார். தெருவில் போகிறவர்கள் எங்களை என்ன நினைத்திருப்பார்களோ.

குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். மூக்கு, தொண்டை, காது எல்லாம் பார்த்தார். ரத்தமும் எடுத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை, நன்றாக வளர்கிறாள் என்றார். சில குழந்தைகளுக்குத் தானாகத் தூங்கப் பழகுவதற்கு நாளாகும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் எல்லாம் நடக்கட்டும், படுக்கப் போகும் முன் போன் வேண்டாம், காப்பகத்தில் மதியம் நெடுநேரம் தூங்கவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். மருந்து ஒன்றும் எழுதவில்லை. மருந்து எழுதித் தரவில்லையே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபமாக இருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்தார். மகள் நேரங்கெட்ட நேரத்தில் ஓடுவதும் அழுவதும் அவர் தலைக்குமேல்தான். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே, சத்தம் தொந்தரவாக இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன்.

"சத்தங் கெடக்குது, உடுங்க அம்மணி," என்றார். "நீங்க நல்லாத் தூங்கி எத்தன நாளாச்சு? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. ஞாயித்துக்கெழம மத்தியானம் கொழந்தைய எங்கிட்ட உட்டுப்போட்டு நீங்க படுங்க."

சொன்னதுபோல் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நான் படுத்தவள் இருட்டும்வரை எழவில்லை. கண் விழித்தபோது கணவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அப்படித் தூங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் போல.

"இனி இவளத் தூங்க வெக்கிற வேலைய எங்கிட்ட உட்டுரு," என்றார். "நீ உள்ள வராத. அவ அழுதாலும் வராத. நான் பாத்துக்கறேன்."

எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் கலகலவென்று பேசுகிற ஆள் கிடையாது. பாட்டு வராது, கதை சொல்லத் தெரியாது. விருந்தாளி வந்தால் "வாங்க" என்பார், போகும்போது "போய்ட்டு வாங்க" என்பார், நடுவில் சிரிப்போடு சரி. பட்டறையில் இருந்து வருவதற்கே எட்டு எட்டரை ஆகிவிடும். அப்படிப்பட்டவர் இவளை எப்படிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

அவர் முதலில் மாற்றியது தன்னுடைய நேரத்தைத்தான். வெளிச்சம் வரும் முன்பே போய்ப் பட்டறையைத் திறந்துவிட்டு, மாலை வெயில் இறங்கும்போது ஷட்டரை இழுத்துச் சாத்தினார். சாயங்காலம் வந்து நிற்கும் வாடிக்கையாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. வீட்டில் வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்வாராம். என்ன வேலை என்று கேட்டவர்களிடம், மகளைத் தூங்கவைக்கப் போகிறேன் என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறார். பேக்கரியில் டீ குடிக்கும் இடத்தில் இதைச் சொல்லிக் கிண்டல் செய்தார்களாம். அதற்கும் அவர் சிரிப்போடு சரி.

கைகால் கழுவிவிட்டு மகளுக்குச் சாப்பாடு ஊட்டுவார். பல் தேய்த்துவிடுவார். ஜன்னல் திரையை இருவரும் சேர்ந்து இழுத்துவிடுவார்கள். அவள் மெத்தையில், அவர் பக்கத்தில் பாயில். முதல் சில நாட்கள் அவள் எனக்காகக் கதறினாள். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தேன். அவள் அழுகைக்கு நடுவே அவர் குரல் கேட்கும். ஒரே குரல், ஒரே வேகம். "அம்மா அந்த ரூம்ல இருக்குது கண்ணு. அப்பா இங்க இருக்கறேன்." ஆயிரம் முறை அழுதாலும் ஆயிரம் முறையும் அதையே சொல்வார் போல இருந்தது. நானாக இருந்தால் மூன்றாவது தடவையில் அதட்டியிருப்பேன், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருப்பேன். அவர் அதட்டவும் இல்லை, தூக்கவும் இல்லை. எழுந்து வந்தால் மெதுவாகத் திரும்பப் படுக்கவைப்பார்.

ஒருநாள் அவள் கதை கேட்டாள். அவருக்குக் கதை தெரியாது. பாய் சரசரத்தது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"அப்பா காத்தால பட்டறைக்குப் போனனா. ஷட்டரத் தூக்குனனா. நேத்து உழுந்த இரும்புச் சுருளையெல்லாம் கூட்டி ஒரு பக்கமா ஒதுக்குனேன். பொறகு மெசினுக்கு எண்ண உட்டேன். சுச்சப் போட்டேன். அது மெதுவாச் சுத்துச்சு."

"பொறகு?"

"பொறகு கம்பிய மாட்டுனேன். வெள்ளத் தண்ணிய உட்டேன்."

"பாலுங்களா?"

"பாலு இல்ல கண்ணு. எண்ண கலந்த தண்ணி. கம்பி சூடாயிருமல்ல, அதக் குளிப்பாட்டி உடறது."

அவ்வளவுதான் கதை. ராஜா இல்லை, முயல் இல்லை. இரும்பைக் கடைந்தார், அளந்து பார்த்தார், மறுபடி கடைந்தார், பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டார், திரும்ப வந்து கடைந்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கண் சொருகியது. மகள் இடையிடையே "பொறகு" என்று கேட்டாள். அப்புறம் அந்தப் "பொறகு"களுக்கு நடுவில் இடைவெளி கூடியது.

மறுநாளும் அதே கதையைக் கேட்டாள். அதற்கடுத்த நாளும். அவர் எதையும் முன்பின் மாற்றுவதில்லை. ஷட்டர், சுருள், எண்ணெய், சுவிட்ச், கம்பி, வெள்ளைத் தண்ணீர். அன்றன்றைக்கு நடந்தது அதற்குப் பின்னால் வரும். அந்தப் பின்பகுதிக்காக நானும் தினமும் கதவோரம் உட்கார ஆரம்பித்தேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னார். எதிர்க் கடைக்காரர் மகளின் கல்யாணத்துக்குப் போக முடியாத வருத்தத்தைச் சொன்னார். பட்டறைக் கூரையில் கூடு கட்டிய குருவி, சத்தத்துக்குப் பயப்படாமல் குஞ்சு பொரித்ததைச் சொன்னார். ஒருநாள், "இன்னிக்கு அப்பா ஒரு ஷாஃப்ட்டக் கெடுத்துப்போட்டேன் கண்ணு. ஒரு இழை அதிகமாக் கடஞ்சு போச்சு," என்றார்.

"பொறகு?"

"பொறகென்ன, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அப்புறம் வேற கம்பி எடுத்து மறுக்கா செஞ்சேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் அந்த இழப்பின் அடையாளமே இருக்கவில்லை. எப்போதும்போல மகளுக்கு ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டியிருந்தார். இந்த மனிதரோடுதான் இத்தனை நாள் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்கு இவரைப் பாதிதான் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

மழைக்காலம் வந்தபோது அவள் அழாமல் படுக்கப் போனாள். அவர் பாயை மெத்தையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டார். பிறகு ஜன்னலோரம். பிறகு கதவுக்குப் பக்கத்தில். அந்தச் சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் என் மடியை விட்டு இறங்கவில்லை. காய்ச்சல் விட்டது, தூக்கமும் கூடவே போயிருந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. நான் இடிந்துபோய், இத்தனை பாடும் வீணாகிவிட்டதே என்று புலம்பினேன். அவர் கதவோரம் கிடந்த பாயை எடுத்துக்கொண்டு போய் மெத்தைக்குப் பக்கத்தில் விரித்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதையை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. மறுக்கா செஞ்சேன் என்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை, அவர் சுபாவமே அதுதான்.

அதற்குச் சில மாதம் கழித்து, உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிணற்றுக்குள் பம்பு இறக்கும் வேலை. இவர் கடைந்த ஷாஃப்ட் என்பதால் இவரே கூட இருக்க வேண்டுமென்று தோப்புக்காரர் கேட்டுக்கொண்டார். ஒரு ராத்திரி அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. போகும் முன் மகளிடம் நேரில் சொன்னார், நாளைக்கு வந்துவிடுவேன், இன்றைக்கு அம்மா படுக்கவைப்பாள் என்று. அவள் தலையாட்டினாள். நான்தான் மத்தியானத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அவர் செய்கிற வரிசையிலேயே செய்தேன். பாயில் படுத்துக்கொண்டு, அப்பா காத்தால பட்டறைக்குப் போனாரா, கம்பிய மாட்டுனாரா என்று ஆரம்பித்தேன்.

"இல்லீங்கம்மா," என்றாள். "மொதல்ல எண்ண உடோணும்."

திருத்திக்கொண்டு தொடர்ந்தேன். மறுபடியும் எதையோ விட்டுவிட்டேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க படுங்க, நான் சொல்றன்," என்றாள். இருட்டில் அந்தச் சின்னக் குரல், அவர் பேசுகிற அதே வேகத்தில், அவசரமே இல்லாமல் சொல்லத் தொடங்கியது. ஷட்டரைத் தூக்கினாள். சுருளைக் கூட்டி ஒதுக்கினாள். எண்ணெய் விட்டாள். கம்பியைக் குளிப்பாட்டினாள். "பொறகு?" என்று நான் கேட்டேன். பேக்கரிக்குப் போனாள். அங்கே டீ ஆறுவதற்காகக் காத்திருந்தாள். பன்னைப் பிய்த்துவிட்டு, அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். பிறகு அவளிடமிருந்து சத்தம் வரவில்லை.

யாரும் அவளைத் தூங்கவைக்கவில்லை. அவளாகவே தூங்கிவிட்டாள். இரண்டரை வயதில் அழுது புரண்ட அதே பிள்ளை. எனக்குத்தான் அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

காலையில் போன் செய்து அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் தென்னை மட்டைகள் உரசும் சத்தம் கேட்டது. "எண்ண உட்டாளா?" என்று கேட்டார். உட்டாள் என்றேன். "அப்பச் சரி, வாரேன்," என்று போனை வைத்துவிட்டார்.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். பெரிய தூக்கக்காரி என்று சொல்ல முடியாது. பரீட்சை, உறவினர் வீடு, புது இடம் என்றால் இன்னமும் புரண்டுகொண்டிருப்பாள். ஆனால் அழுவதில்லை, யாரையும் எழுப்புவதுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு தனக்குள் ஏதோ முணுமுணுப்பாள். அவர் பட்டறை நேரத்தைப் பழையபடி மாற்றவேயில்லை. வாடிக்கையாளர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள்.

போன மாதம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டிருந்த இடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு பொறுமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பல நாள் கேட்க நினைத்த கேள்வி.

"எனக்கென்ன பொறும. பாயில சும்மா படுத்துட்டுத்தான கெடந்தேன்," என்றார். "பாடுபட்டதெல்லாம் அவதான். தெனமும் பயந்துட்டே படுத்தா பாரு, சின்னப்புள்ள, அதுக்குத்தான் தெகிரியம் வேணும்."

சொல்லிவிட்டு, மேற்கே வானம் கருத்துக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்தார். மகளின் பள்ளிச் சீருடையை முதலில் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றத் துணிகளை உருவத் தொடங்கினார்.